பழைய காரின் பெட்ரோல் டேங்கை வீட்டிலேயே திரும்ப மாட்டுவது: மலை ஊர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டேங்கைக் கழற்றுவது யாருக்கும் வரும். நட்டைத் திருகினால் அது பாட்டுக்குக் கீழே இறங்கிவிடும். திரும்ப ஏற்றும்போதுதான் கூத்து ஆரம்பிக்கிறது. மாட்டி, பெட்ரோலை ஊற்றி, கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஃப்ளோட் யூனிட் (பெட்ரோல் அளவை டேஷ்போர்டு முள்ளுக்குச் சொல்லும் உருப்படி) பக்கம் சொட்டிக்கொண்டிருக்கும், அப்புறம் பெட்ரோலை வடித்து எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியதுதான். குன்னூர், கோத்தகிரி பக்கம் பல ஷெட்டுகளில் இதைப் பார்த்துவிட்டேன். டேங்க் தரையில் கிடக்கும்போதே முடிக்க வேண்டிய வேலையை, மேலே ஏற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் எல்லா இடத்திலும் காரணம். ஏற்றியபின் டேங்கின் முதுகுக்கும் டிக்கித் தகட்டுக்கும் நடுவில் விரல்கூட நுழையாது.

நான் மனதில் வைத்திருப்பது அம்பாசிடர் மாதிரி டிக்கிக்கு அடியில் டேங்க் தொங்குகிற பெட்ரோல் வண்டியை. ஹெரால்டில் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருக்கும், பழைய பெட்ரோல் ஜீப்பில் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். அவற்றுக்கு வண்டியைத் தூக்கும் பகுதியை விட்டுவிடலாம், மற்றதெல்லாம் பொருந்தும். ஆனால் அங்கே கசிவு வந்தால் ஆவி வண்டிக்குள்ளேயே சேரும் என்பதால் கேஸ்கெட் வேலையில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓட்டை அடைப்பது, பற்றவைப்பது எதுவும் வீட்டில் வேண்டாம். பல மாதம் காலியாகக் கிடந்த டேங்கிலும் மடிப்புகளுக்குள் பெட்ரோல் ஒளிந்திருக்கும், சூடு பட்டதும் ஆவியாகி வெடிக்கும். அந்த வேலையை மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ டேங்க் வேலை தெரிந்த ரேடியேட்டர் கடையில் கொடுங்கள். கழுவிய டேங்க் அங்கத்து வெயிலில் நன்றாகக் காய்ந்து வரும், அது கூடுதல் லாபம்.

1. இடமும் பேட்டரியும்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளமான இடத்தில் தங்கும். நம் ஊர் ஷெட்டுகள் பாதிக்கு மேல் சரிவை வெட்டி, மூன்று பக்கம் தடுப்புச் சுவரும் ஒரு பக்கம் கதவுமாகத்தான் இருக்கின்றன, ஆவி தங்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. முடிந்தால் வண்டியை வெளியே தள்ளுங்கள். முடியாவிட்டால் கதவை முழுக்கத் திறந்து வையுங்கள், குளிர் அடித்தாலும் சரி.

குளிர் என்றதும் கணப்பு ஞாபகம் வரும். ஷெட்டுக்குள் கணப்பு, ஹீட்டர், பீடி எதுவும் கூடாது. ‘இந்தக் குளிரில் பெட்ரோல் எங்கே பற்றப் போகிறது’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சுமார் மைனஸ் 43 டிகிரியில்கூட பெட்ரோலிலிருந்து தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி வரும். டிசம்பர் உறைபனியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பக்கத்துச் சுவரில் கேஸ் கீஸர் இருந்தால் அன்றைக்கு அதை மூடி வையுங்கள். வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் எல்.இ.டி. விளக்கு போதும். ஒயரில் தொங்கும் குண்டு பல்பு கீழே விழுந்து உடைந்தால் அதுவே தீக்குச்சி. குறைந்தது 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பானைக் கை எட்டும் இடத்தில், கதவுப் பக்கமாக வையுங்கள். வண்டிக்கு அந்தப் பக்கம் வைத்தால் தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும். தண்ணீர் வேண்டாம், எரியும் பெட்ரோல் அதன்மேல் மிதந்துகொண்டே சரிவில் இறங்கும்.

பேட்டரியில் எர்த் பக்கத்து டெர்மினலை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி வராது. எர்த் என்றால் நெகட்டிவ் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். கேபிள் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளோட் சோதனைக்கு மட்டும் பேட்டரி தேவைப்படும், அதை 5-வது பகுதியில் சொல்கிறேன்.

2. முன்கூட்டியே வாங்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கிளாம்புக்காக ஊட்டிக்கும் குன்னூருக்கும் அலைவதைவிட, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது. பழைய சாமானை மறுபடி போடலாம் என்ற சபலமும் அப்போது வராது.

ஹோஸ்தான் முக்கியம். இப்போது பங்கில் வருவது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய காலத்து ரப்பர் அதில் ஊறி மெத்தென்று ஆகும், அல்லது வறண்டு வெடிக்கும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று மேலே அச்சிட்ட ஹோஸ் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாயும் வைப்பர் குழாயும் பார்க்க அப்படியே இருக்கும், ஒரு மாதம்கூடத் தாங்காது. விட்டத்தை அளக்க பழைய துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கிளாம்ப் வாங்கும்போது சிறிய குழாய்க்கு நட்டும் போல்ட்டும் வைத்த வழுவழுப்பான உள்பட்டை உள்ளதை எடுங்கள். பல் வெட்டிய சாதாரண கிளாம்ப் மெல்லிய ஹோஸைக் கடித்துவிடும். நெக் பைப்பின் (வெளிவாயிலிருந்து டேங்கின் கழுத்துக்குப் பெட்ரோல் இறங்கும் குழாய்) பெரிய ஹோஸுக்கு மட்டும் சாதாரண கிளாம்ப் பரவாயில்லை.

ஃப்ளோட் யூனிட் கேஸ்கெட், செம்பு அல்லது ஃபைபர் வாஷர்கள், டேங்கைத் தாங்கிப் பிடிக்கும் பட்டைக்குப் புது போல்ட் நட், பட்டைக்கு அடியில் வைக்க கெட்டியான ரப்பர் பட்டை, உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பெட்ரோல் ஃபில்டர். ஸ்பேனர் விஷயத்தில், பழைய வண்டியில் அங்குல அளவுதான் இருக்கும். 13 எண் ஸ்பேனர் அரை அங்குல நட்டில் ஏறும், ஆனால் கொஞ்சம் ஆடும், அந்த ஆட்டத்திலேயே துருப்பிடித்த நட்டின் மூலைகள் மழுங்கிவிடும்.

முதல் பெட்ரோலுக்கும் ஏற்பாடு செய்து வையுங்கள். பல பங்குகளில் கேனில் தர யோசிப்பார்கள், முன்னாடியே பேசிவிடுங்கள். தகரக் கேன் உத்தமம். வேறு வண்டியிலிருந்து எடுப்பதாக இருந்தால் கைப் பம்ப் வையுங்கள். குழாய் போட்டு வாயால் உறிஞ்சுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு வாய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஆஸ்பத்திரிதான்.

3. டேங்க் காய்ந்திருக்கிறதா, ஒழுகுகிறதா?

டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வெறும் தகடு தெரிய வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய தூசு படிந்திருந்தால், கழுவிய பிறகு ஈரம் தங்கி மறுபடி துரு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பனிமூட்ட நாளில் மூடியைத் திறந்தே போட்டால் இரவோடு இரவாக இது நடக்கும். அதனால் எல்லா வாயையும் ரப்பர் அடைப்பான் வைத்து மூடுங்கள். பனியன் வேஸ்ட் துணியைத் திணிக்காதீர்கள், அதன் நூல் உள்ளே விழுந்து பிறகு பெட்ரோல் போகும் வாயில் போய் உட்காரும்.

சீக்கிரம் காய வைக்க ஹேர் ட்ரையரை எடுப்பது பெரிய ஆபத்து. உள்ளே சிவக்கச் சூடான கம்பி, வெளியே மிச்சமிருக்கும் ஆவி. வெயில் இல்லையென்றால் வீட்டை விட்டுத் தள்ளி, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் வாய் கீழாகச் சாய்த்து வையுங்கள். மாட்டுவதற்கு முன்னால் ஒரு லிட்டர் புது பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வடித்தால், அதிலுள்ள எத்தனால் மிச்சமிருக்கும் ஈரத்தைக் கூட்டிக்கொண்டு போகும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். நம் ஊரில் ஒவ்வொரு ஓடையும் கீழே யாரோ ஒருவர் குடிக்கிற தண்ணீர்.

இந்தக் கழுவலுக்கு முன்பாக, டேங்க் காலியாக இருக்கும்போதே ஒழுகல் சோதனையை முடித்துவிடுங்கள். எல்லா வாயையும் அடைத்து, ஒன்றில் மட்டும் ஹோஸ் மாட்டி, சைக்கிள் பம்பால் மெதுவாகச் சில அடி அடித்து, மடிப்புகளிலும் பற்றவைத்த இடங்களிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கம்ப்ரசரை நேராக வைக்காதீர்கள். 2 பி.எஸ்.ஐ. என்றால் கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும், ஆனால் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. தகட்டில் அது 350 கிலோ சுமை. தட்டையான பக்கம் உப்பினால் பிறகு டேங்க் அதன் இடத்தில் உட்காராது.

சோதனையில் குமிழி வந்தால் திரும்பக் கடைக்கு. எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு மேலே ஏற்றுகிற யோசனை வேண்டாம். வழியில் ஒழுகும்போது பார் சோப்பைத் தேய்த்து அடைப்பார்களே, அது வீடு வந்து சேரும் வரைக்கும்தான்.

4. காற்று வழி: மலைக்காரர்கள் விடவே கூடாதது

டேங்கிலிருந்து பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். சில வண்டிகளில் மூடியிலேயே சின்னத் துளை இருக்கும், சிலவற்றில் டேங்கிலிருந்து தனியாக ஒரு மெல்லிய குழாய் போகும். உங்கள் வண்டியில் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். குழாய் என்றால் ஊதிப் பாருங்கள். குளவி மண் அடைத்திருப்பது சர்வ சாதாரணம்.

அடைத்திருந்தால் வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் ஏற்றத்தில் இழுக்காமல் முக்கி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகும், திரும்ப ஓடும். இதற்குக் கார்புரேட்டரைப் பிரித்தவர்கள் உண்டு, பம்ப் மாற்றியவர்கள் உண்டு.

சமவெளியில் இது வெறும் தொல்லை, இங்கே டேங்கையே கெடுக்கும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பர்லியார் தாண்டும்போது உப்புகிறதே, இறங்கும்போது அதே கணக்கு தலைகீழாக நடக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 350 மீட்டருக்கும் கீழே. காற்றழுத்த வித்தியாசம் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல். மேலே சொன்ன 350 கிலோ இப்போது வெளியிலிருந்து உள்ளே அமுக்கும். பழைய மெல்லிய தகடு ஒடுங்கும், புதிதாகப் பற்றவைத்த இடம் விரியும்.

பூட்டு வைத்த மூடி வாங்குபவர்கள் அதில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காற்று மூடி வழியாகத்தான் வர வேண்டிய வண்டிக்குத் துளையில்லாத மூடியைப் போட்டால் முழுசாக சீல் வைத்த மாதிரி.

5. ஃப்ளோட் யூனிட்டும் எர்த்தும்

பெரும்பாலான இரண்டாம் முறை இறக்கல் இந்த ஒரு உருப்படியால்தான் வருகிறது, அதனால் இங்கே நேரத்தைச் செலவழியுங்கள்.

முதலில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை யூனிட்டின் டெர்மினலிலும் இன்னொன்றை அதன் உடம்பிலும் வைத்து, ஃப்ளோட் கையை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். எண் சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவில் குதித்தாலோ காணாமல் போனாலோ உள்ளே கம்பிச் சுற்று தேய்ந்துவிட்டது. பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள், சலசலத்தால் பெட்ரோல் உள்ளே போயிருக்கிறது, அது மிதக்காது. கார்க் ஃப்ளோட் என்றால் மாற்றுவதே மேல். அதன்மேல் பூசிய ஷெல்லாக் எத்தனாலில் கரையும், கார்க் ஊறும், முள் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

அடுத்து, பக்கத்தில் பெட்ரோல் எதுவும் இல்லாதபோது, வண்டியின் ஒயரை யூனிட்டில் மாட்டி, யூனிட் உடம்பிலிருந்து பாடிக்குத் தனி ஒயர் கொடுத்து, பேட்டரியை மாட்டி இக்னிஷனைப் போடுங்கள். ஒருவர் கையை நகர்த்த, இன்னொருவர் டேஷ்போர்டில் முள்ளைப் பார்க்கட்டும். முள் மெதுவாக நகரும் வகையாக இருக்கலாம், ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிஷம் பொறுங்கள். சரியாக இருந்தால் பேட்டரியை மறுபடி கழற்றிவிடுங்கள்.

பொருத்தும்போது யூனிட்டின் திசை முக்கியம். ஃப்ளோட் கை டேங்கின் உள் தடுப்பில் இடித்தால் முள் பாதியிலேயே நிற்கும். கழற்றும்போது அடையாளம் போடாதவர்கள், யூனிட்டை வைத்த பிறகு டேங்கை லேசாகக் கவிழ்த்து நிமிர்த்தி, ஃப்ளோட் தங்கு தடையில்லாமல் விழுகிற ‘டொக்’ சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

ஸ்க்ரூ துளைகள் டேங்குக்குள் ஊடுருவிப் போகின்றனவா என்று பாருங்கள். போனால் ஒவ்வொரு ஸ்க்ரூ தலைக்கு அடியிலும் வாஷர் வேண்டும், இல்லாவிட்டால் மறை வழியாகவே பெட்ரோல் ஏறி வரும். கேஸ்கெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதை நிறுத்தாது. ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே மூச்சில் முறுக்கினால் யூனிட்டின் விளிம்பு அலை அலையாக வளைந்து, இரண்டு ஸ்க்ரூக்களுக்கு நடுவில் வாய் பிளக்கும். கண்ணை விளிம்பு மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால் அந்தப் பிளவு தெரியும். கேஸ்கெட்டுக்குச் சாதாரண சிலிக்கான் பேஸ்ட் போடாதீர்கள், அது பெட்ரோலில் உப்பி, ஜவ்வாகி, துண்டு துண்டாக ஃபில்டருக்குப் போகும். பெட்ரோல் தாங்கும் என்று டியூபிலேயே போட்டிருப்பதை மெல்லிசாகத் தடவினால் போதும்.

இப்போது எர்த். டேங்குக்குப் புது பெயின்ட், பட்டைக்கு அடியில் ரப்பர், நெக்கில் ரப்பர் ஹோஸ். எல்லாம் நல்ல வேலைதான், ஆனால் டேங்க் பாடியோடு மின்சாரத் தொடர்பே இல்லாமல் தனியாகத் தொங்குகிறது. விளைவு, முள் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அசையாது. யூனிட்டின் ஒரு ஸ்க்ரூவிலிருந்து பாடிக்கு ஒரு எர்த் ஒயர் கொடுங்கள், இரண்டு முனையிலும் பெயின்ட்டை உப்புத்தாளால் சுரண்டி, இறுக்கியபின் மேலே வாஸ்லின் தடவிவிடுங்கள். தடவாவிட்டால் நம் ஈரத்துக்கு ஒரே மழைக்காலத்தில் பச்சை பிடித்துவிடும்.

6. பம்ப் வரைக்கும் போகும் குழாய்

டேங்கை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, வண்டியின் நீளத்துக்கு ஓடும் குழாயை அப்படியே விடுவது வீண். பம்ப் பக்கத்தில் குழாயைக் கழற்றி, அந்த முனையிலிருந்து காற்றடித்து, டேங்க் பக்கத்து முனையில் ஒரு பாட்டிலை வைத்து வருவதைப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பம்பைக் கழற்றாமல் அடித்தால் உள்ளிருக்கும் டயாஃப்ரம் கிழியும்.

மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டிகளில் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உறிஞ்சல்தான். அங்கே இணைப்பு தளர்ந்திருந்தால் வண்டி ஓடும்போது வெளியே சொட்டாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். தரையில் ஈரமே இல்லை, ஆனால் ஏற்றத்தில் வண்டி திணறுகிறது என்றால் இந்த வழியில்தான் தேட வேண்டும். அதனால் பழைய ரப்பர் துண்டுகள் எல்லாவற்றையும் இப்போதே மாற்றுங்கள். குழாய் முனை நட்டில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அந்த இணைப்பு மறையில் அடைவதில்லை, குழாயின் விரிந்த வாய் உட்காரும் இடத்தில் அடைகிறது, டேப்பின் நார் மட்டும் உள்ளே போய்ச் சேரும்.

ஃபில்டரைப் பம்புக்கு முன்னால், அம்பு பம்பைப் பார்க்கிற மாதிரி மாட்டுங்கள், சைலன்சர் குழாயிலிருந்து தள்ளி.

7. வண்டியைத் தூக்குவது

நம் ஊரில் சமதளமான இடம் கிடைப்பதே பாக்கியம். பின்பக்கத்தைத் தூக்கும்போது புதியவர்கள் மறப்பது ஒன்று உண்டு: இந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. கியர் போட்டாலும் அது தடுப்பதும் பின்சக்கரத்தைத்தான். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் இரண்டும் இருந்தும் இல்லாத மாதிரி. வண்டியைப் பிடித்து நிறுத்துவது முன்சக்கரத்துக்குக் கொடுத்த முட்டுக்கட்டை மட்டும்தான். ஆகவே ஜாக்கியைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு முன்சக்கரத்துக்கும், முன்னும் பின்னும், நல்ல கட்டை கொடுங்கள். சரிவு கண்ணுக்குத் தெரிகிற இடம் என்றால் அங்கே தூக்கவே வேண்டாம்.

ஜாக்கியால் தூக்கிய வண்டியைத் தாங்குவது ஸ்டாண்ட். மழை பெய்த மண்ணில் அதன் கால் புதையும், ஒரு பக்கம் மட்டும் புதைந்தால் வண்டி சாயும். கனமான கற்பூர மர (யூகலிப்டஸ்) பலகையை அடியில் போட்டு, அதன்மேல் ஸ்டாண்டை வையுங்கள். ஹாலோ பிளாக், செங்கல் வேண்டாம், அவை எச்சரிக்கை கொடுக்காமல் நொறுங்கும். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள், அடியில் போவதற்கு முன்னால். டேங்கைக் கழற்றிய நாளிலிருந்து ஸ்டாண்டிலேயே நிற்கிற வண்டிக்கும் இது உண்டு.

8. ஏற்றுதல்

டேங்க் காலியாக இருக்க வேண்டும். 20 லிட்டர் பெட்ரோல் என்றால் 15 கிலோ, அதுவும் ஒரு பக்கமாக ஓடி டேங்கைக் கவிழ்க்கும்.

டேங்கின் முதுகில் பட்டை உட்காரும் கோடுகளைப் பாருங்கள். பழைய டேங்குகள் முதலில் ஓட்டையாவது பெரும்பாலும் அங்கேதான், கீழிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்தில். சத்தம் வராமலிருக்கக் கம்பளித் துண்டோ ஸ்பாஞ்சோ வைப்பார்கள், அது பனி ஈரத்தைக் குடித்து மாதக்கணக்கில் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் குடிக்காத கெட்டி ரப்பர் வையுங்கள். நெக் பைப்பின் பெரிய ஹோஸை டேங்கின் கழுத்தில் இப்போதே மாட்டி, கிளாம்பைத் தளர்வாகப் போட்டு விடுங்கள்.

ஜாக்கியின்மேல் அகலமான பலகை, அதன்மேல் டேங்க். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் ஜாக்கிக்கு, ஒருவர் டேங்கை நேராகப் பிடிக்க. ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது நிறுத்துங்கள். முழு வேலையிலும் முக்கியமான நிறுத்தம் இது. ஃப்ளோட் ஒயர், எர்த் ஒயர், காற்றுக் குழாய், பெட்ரோல் குழாய் நான்கையும் இங்கேயே மாட்டுங்கள். குழாய் நட்டை ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு வரவில்லை என்றால் மறை கோணலாக ஏறுகிறது, கழற்றித் திரும்ப வையுங்கள். காற்றுக் குழாய் மடங்காமல் போகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், டேங்க் மேலே போய் அதை நசுக்கினால் 4-வது பகுதி வேலை வீண்.

அப்புறம் முழுக்க ஏற்றி, பட்டை போல்ட்டுகளைப் பாதி மட்டும் இறுக்குங்கள். டேங்க் கையால் தள்ளினால் அசைய வேண்டும்.

9. நெக் பைப்

டேங்க் அசையும்போதே நெக் பைப்பை ஹோஸுக்குள் நுழைத்துவிடுங்கள். பட்டையை முதலில் முழுசாக முறுக்கிவிட்டு, பிறகு இதோடு மல்லுக்கட்டுவது எல்லா ஷெட்டிலும் நடக்கும் கதை. அரை அங்குலம் விலகியிருந்தாலும் ஹோஸ் முறுக்கிக்கொண்டு ஏறும், ஆறு மாதத்தில் அந்த மடிப்பில் வெடிக்கும். ஏறாவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம்.

வெளியே பாடியில் நெக் பைப்பின் வாய் நடுவில் நிற்கிறது, ஹோஸ் இயல்பாக இருக்கிறது என்றால், பட்டைகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள், கடைசியாக கிளாம்ப். பட்டை டேங்கை நசுக்கும் அளவுக்கு வேண்டாம், ரப்பர் லேசாக அமுங்கினால் போதும்.

10. பெட்ரோல் ஊற்றுவது

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிவிட்டு ஊற்றுங்கள். முதலில் 5 லிட்டர். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். இந்த 5 லிட்டர் நனைப்பது டேங்கின் அடிப்பகுதியை மட்டும்தான். யூனிட் கேஸ்கெட், கழுத்து ஹோஸ் இவற்றைப் பெட்ரோல் இன்னும் தொடவே இல்லை. ‘ஒழுகவில்லை’ என்று இப்போதே அறிவிப்பதுதான் வழக்கமான தவறு. அடுத்து பாதி டேங்க், மறுபடி பார்வை. பிறகு ஒரு நாள் பங்கில் முக்கால் டேங்குக்கு மேல் நிரப்பி, அப்போது மூன்றாவது பார்வை.

விளிம்பு வரை நிரப்பாதீர்கள். 50 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பெருகும். ஊட்டிக் குளிரில் காலையில் தளும்ப நிரப்பி, மதியம் மேட்டுப்பாளையம் வெயிலில் நிறுத்தினால் அந்த ஒரு லிட்டர் மூடி வழியே வெளியே வரத்தான் செய்யும்.

11. ஸ்டார்ட் செய்வது

வாசனை அடங்கிய பிறகு பேட்டரி, எர்த் டெர்மினல் கடைசியாக. பம்பில் கை லீவர் இருந்தால் ஃபில்டரில் பெட்ரோல் தெரியும் வரை அடியுங்கள். லீவர் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இருந்தால், எஞ்சினுக்குள் பம்பை இயக்கும் கேம் அதை அமுக்கிய நிலையில் நிற்கிறது, எஞ்சினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். லீவர் இல்லையென்றால் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடையில் ஒரு நிமிஷம் விட்டு அடியுங்கள், குளிரில் பேட்டரியின் பலம் ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும். எலெக்ட்ரிக் பம்ப் வண்டியில் ‘டிக் டிக்’ சத்தம் கொஞ்ச நேரத்தில் நிதானமாகி நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று பிடிக்கிறது அல்லது ஒழுகுகிறது, உடனே நிறுத்துங்கள்.

12. ரோட்டில்

முதல் ஓட்டத்தை வீட்டைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நல்ல ஏற்றம், பாதி டேங்காவது வைத்துக்கொண்டு. மூன்று லிட்டரை வைத்துக்கொண்டு செங்குத்தான ஏற்றத்தில் போனால் பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்கி, குழாய் வாய் காற்றை இழுக்கலாம். அது டேங்க் வேலையின் குற்றமில்லை, ஆனால் நீங்கள் வீடு திரும்பி எல்லாவற்றையும் பிரிப்பீர்கள். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதையை எல்லாம் சோதனைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம், கோத்தகிரி ரோடு போதும்.

வளைவில் திரும்பும்போது மட்டும் வாசனை வந்தால் கழுத்து ஹோஸ் அல்லது யூனிட் கேஸ்கெட். நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும் வந்தால் அடிப்பக்க இணைப்பு. ஏற்றத்தில் திணறினால் முதலில் மூடியைத் திறந்து ‘புஸ்’ வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் ஃபில்டரில் குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் குழாய் வழியில் காற்று பிடிக்கிறது.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு கிளாம்புகளையும் பட்டை போல்ட்டுகளையும் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள், புது ரப்பர் அமுங்கித் தளர்ந்திருக்கும். ஃபில்டரில் பழுப்பு வண்டல் சேர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், கழுவிய டேங்க் கொஞ்ச நாள் உதிர்க்கத்தான் செய்யும். மாற்று ஃபில்டர் ஒன்றையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் டிக்கியில் போட்டு வையுங்கள். மூன்றாவது ஃபில்டரும் அதே வேகத்தில் பழுப்பாகிறது என்றால் டேங்க் உள்ளே இன்னும் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது, திரும்ப இறக்கி ரேடியேட்டர் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.